வண்டியோட்டிக்கு அபராதம், வல்லரசுக்கு?

அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் தரையிறங்க வழிகாட்டும் புதிய கருவியொன்றைச் சோதித்து வந்தனர். கருவி இடறியது, காரணத்தைத் தேடினர், 2012 ஆகஸ்டில் ஆளைப் பிடித்தனர். யார் அவர்? பகை நாட்டு ஒற்றரா? படைத்தலைவரா? இல்லை, தோழர்களே! கம்பெனி வண்டியை ஓட்டிவந்த ஒரு தொழிலாளி! வண்டி போகுமிடமெல்லாம் கம்பெனி கண்காணிப்பதைத் தவிர்க்க, ஜி.பி.எஸ். அலையை மறிக்கும் சிறு கருவியை உள்ளே வைத்திருந்தார். அதற்கு 31,875 டாலர் அபராதம் என்று 2013இல் அறிவித்தது அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்.

கையடக்கக் கருவி விமான நிலையத்தையே திணறவைப்பது எப்படி? வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் சுற்றுவது ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் அலை, மண்ணைத் தொடுமுன் மெலிந்து நலிந்துவிடுகிறது. சந்தை இரைச்சலில் முணுமுணுப்பு காதில் விழுமா? அதே அலைவரிசையில் அருகிருந்து இரைச்சல் எழுப்பினால், கருவி செவிடாகிறது. அது தடுப்பு. மெய்போலப் பொய்யலை அனுப்பினால், இல்லாத இடத்தை இருக்குமிடமென்று காட்டுகிறது. அது ஏய்ப்பு, தடுப்பினும் கொடியது.

தொழிலாளி செய்தது தவறுதான். அவருக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், அதே தவற்றை அரசுகள் செய்தால்?

2024 ஏப்ரல் 25, 26 ஆகிய நாட்களில் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்குச் சென்ற விமானங்கள், இறங்க வழியின்றித் திரும்பின. ஒரு மாதம் அந்தச் சேவையே நின்றது. ரஷ்யாவே காரணம் என்றது எஸ்தோனியா. டிரோன் தாக்குதலிலிருந்து தன்னைக் காக்க ரஷ்யா எழுப்பும் இரைச்சலின் பக்க விளைவாக இருக்கலாம் என்றனர் பின்லாந்து அதிகாரிகள். ரஷ்யா மட்டுமா? 2024 ஏப்ரலில் இஸ்ரேல் ராணுவமும் ஜி.பி.எஸ். அலையைத் தடுப்பதாகத் தானே ஒப்புக்கொண்டது. டிரோனும் அந்த அலையை நம்பியே பறக்கிறது. பயணி விமானமும் அதையே நம்புகிறது. ஒன்றின் கண்ணைக் கட்டப் போய், எல்லார் கண்ணையும் கட்டுகிறார்கள்! போர் தொடுப்பவன் மாளிகையில். தவிப்பவன் விமானத்திலும் கப்பலிலும்!

2025 மார்ச்சில் ஐ.நா.வைச் சார்ந்த மூன்று அமைப்புகள், தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து, கடல் போக்குவரத்து ஆகியவற்றைக் கவனிப்பவை, சேர்ந்து அறிக்கை விட்டன. என்ன சொல்லின? ஆழ்ந்த கவலையாம்! வண்டியோட்டிக்கு அபராதச் சீட்டு. ஆயுதம் தாங்கிய அரசுகளுக்குக் கவலைக் கடிதம்! இதுவா உலக நீதி?

டார்ட்டு ஒரு பாடம் தந்தது. வானத்தை மட்டும் நம்பாமல், தரையிலுள்ள வானொலி நிலையங்களைக் கொண்டு இறங்கும் முறையை வகுத்தனர்; 2024 ஜூனில் விமானம் மீண்டும் வந்தது. ஆகவே, பழையதென்று சொல்லித் தரைநிலையங்களைப் பிடுங்கியெறிய எவரும் முனைந்தால், கூடாதென்போம். அலையை மறிப்பவர் தொழிலாளியானாலும் ஆட்சியாளரானாலும் சட்டம் ஒன்றே என்போம். எளியவனைப் பிடிக்க நீளும் கை, வலியவனிடம் மட்டும் ஏன் முடங்குகிறது? அந்தக் கேள்வியை ஓயாமல் கேட்போம்!