வெளிநாட்டு வேலை: முடிவெடுப்பது கம்பெனியா, அந்நாட்டு அரசியலா?

விருத்தாசலம் பக்கம் கம்மாபுரத்தில் ஒரு வீட்டுப் பையன் அமெரிக்காவுக்கோ சவுதிக்கோ கிளம்பினால், ஊரே கேட்கும் முதல் கேள்வி ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதுதான். கேட்க மறப்பது இன்னொன்று: அந்த நாட்டு அரசியல் மாறினால், கம்பெனி உன்னை என்ன செய்யும்?

ஒரே வாரக் கடைசியில்...

2025 செப்டம்பர் 19 அன்று, எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். வெளிநாடு போயிருந்த எச்-1பி ஊழியர்களை உடனே அமெரிக்கா திரும்பச் சொன்னது மைக்ரோசாஃப்ட். அமேசானும் அப்படியே. விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் அடித்துப்பிடித்து டிக்கெட் தேடினார்கள். மறுநாள்தான், ‘புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்’ என்று வெள்ளை மாளிகை விளக்கியது.

கம்பெனிகள் எப்படி வளைகின்றன?

டிரம்பின் முதல் ஆட்சியில், 2017 மே மாதம், 10,000 அமெரிக்கர்களை வேலைக்கு எடுப்பதாக இன்ஃபோசிஸ் அறிவித்தது. அங்கே உள்ளூர் ஆட்கள் கூடினால், இங்கிருந்து போகிறவர்களுக்கான வாய்ப்பு சுருங்கும்.

சவுதி அரேபியா 2011-ல் ‘நிதாகத்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. போதுமான சவுதி குடிமக்களை வேலைக்கு வைக்காத நிறுவனங்கள் ‘சிவப்பு’ப் பிரிவில் விழுந்தன. அங்கே வேலை பார்த்த வெளிநாட்டவரின் பணி அனுமதியைப் புதுப்பிக்க முடியாமல் போனது.

நாமும் விதிவிலக்கு இல்லை. 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு சீனர்களுக்கான விசாவை இந்தியா இறுக்கியது. இங்குள்ள தொழிற்சாலைகளுக்குச் சீனத் தொழில்நுட்பப் பணியாளர்களை வரவழைப்பது சிரமமானது.

யார் தலையில் சுமை?

சொந்தக் குடிமக்களுக்கு வேலை கேட்பது எந்த அரசுக்கும் உள்ள உரிமை. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் சுமையை யார் தாங்குவது என்பது கம்பெனி எடுக்கும் முடிவு. கம்பெனிக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்; வேலையை வேறு நாட்டுக்கு மாற்றலாம். ஊழியருக்கு இருப்பது கடன், வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எச்-1பி-யில் வேலை போனால் அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

ஆகவே, கிளம்பும் முன் இதையெல்லாம் கேளுங்க: விசா நின்றுபோனால் இந்தியாவில் இதே கம்பெனியில் வேலை உண்டா? எத்தனை மாதச் சம்பளம் தருவீங்க? குடும்பம் திரும்பும் செலவு யாருடையது? லாபம் பார்த்து ஆளை அனுப்பும் கம்பெனி, அந்த ஆபத்திலும் பங்கெடுக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது, பதிலை எழுத்தில் வாங்குங்க.