அச்சில் விழுந்த பெயர்



சென்ற இதழின் சங்கச் செய்திகளில், ஆண்டு விழாக் கண்காட்சியில் இடம்பெற்ற பூத முகமூடி இந்தப் பகுதியை எழுதிவரும் என் கைவண்ணம் என்று ஒரு வரி வெளியாகியிருந்தது. அந்த வரி உண்மையன்று. ஆகையால் இம்மாதம், அம்முகமூடி உருவான முறையையும் அந்தப் பிழை நேர்ந்த விதத்தையும் ஒருங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்முகம் 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'கிரியேச்சர் ஃபிரம் தி பிளாக் லகூன்' என்னும் திகில் படத்தில் வருவது. அமேசான் காட்டு நீர்நிலையொன்றில் ஆராய்ச்சியாளர்கள் காணும், மீனும் மனிதனும் கலந்த உயிர் அது. தடித்த உதடும், விரிந்த செவுள்களும், தலை முழுவதும் செதில்களும் உடையது. அவ்வேடத்தைக் கரையில் பென் சாப்மனும், நீருக்கடியில் ரிக்கோ பிரவுனிங்கும் அணிந்து நடித்தனர். கரக்பூரில் எங்கள் ரயில்வே குடியிருப்புச் சிறுவர்கள் அப்படத்தைப் பார்த்துவிட்டு, விழா நாடகத்துக்கு அந்த முகமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள்.

தலையளவான மண்பானை ஒன்றைக் கட்டையின்மேல் கவிழ்த்து, துர்க்கை சிலை செய்பவரிடம் வாங்கிய களிமண்ணை அதன்மேல் அப்பி, முதலில் நானே முயன்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தபின் அது பரங்கிக்காய்க்குக் கண் வைத்தாற்போல் இருந்தது. என் மனைவி மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மைகள் செய்வதைச் சிறு வயதிலேயே அருகிருந்து பார்த்தவள். அவள் அந்த மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். கொண்டை ஊசியை வளைத்துச் செவுள் மடிப்புகளைத் தோண்டினாள். பழைய சீப்பின் பற்களால் தோலுக்குச் சொரசொரப்பு ஏற்றினாள். ரப்பர் உலரும்போது சற்றே சுருங்கும் என்பதால், முகத்தைத் தேவைக்குச் சிறிது பெரிதாகவே வைத்தாள். மண் வெடிக்காதிருக்க இரவுதோறும் ஈரத்துணி போர்த்தினாள்.

அடுத்தது அச்சு. ஒரு காதிலிருந்து உச்சி வழியே மறு காது வரை களிமண்ணால் வரப்புக் கட்டி, இரு பாதிகளும் பின்னர் பிசகாமல் பொருந்த அதில் சிறு குழிகள் இடவேண்டும். பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் பிளாஸ்டர் மாவைத் தூவி, மாவு நீர்மட்டத்தில் திட்டுத்திட்டாக நிற்கும்போது மெல்லக் கலக்க வேண்டும். முதல் பூச்சைத் தூரிகையால் இட்டால் காற்றுக் குமிழிகள் நீங்கும். பிறகு சணல் நாரைத் தோய்த்து வைத்து, இரண்டு அங்குலம் வரை கனம் ஏற்றலாம். முன்பாதி இறுகியபின் வரப்பை எடுத்துவிட்டு, விளிம்பில் மட்டும் வாஸ்லைன் தடவிப் பின்பாதியை வார்க்க வேண்டும். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். ஆதலால் உயிருள்ளவர் முகத்திலோ கையிலோ இதை அப்பிப் பார்த்தல் ஆகாது. எஞ்சியதைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பானையையும் மண்ணையும் நீக்கிக் கழுவி, அச்சைப் பல நாள் உலர்த்தினோம். முகமூடிக்கென்று பக்குவம் செய்து விற்கும் ரப்பர் பாலை அதனுள் ஐந்து முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டோம். ரப்பர் பாலிலுள்ள நீரைப் பிளாஸ்டர் உறிஞ்சிக்கொள்ள, ரப்பர் சுவரில் படிந்து நிற்கிறது. எண்ணெய்ப் பசை ரப்பரைக் கெடுக்குமாதலால் அச்சின் உட்புறத்தில் வாஸ்லைன் படக்கூடாது. ரப்பர் பாலில் அம்மோனியா நெடி உண்டு. திறந்த தாழ்வாரத்தில் வைத்துச் செய்வதே நலம். ரப்பர் ஒவ்வாதவர்கள் இதைத் தொடாதிருப்பது நன்று. உலர்ந்தபின் பவுடர் தூவி மெல்ல உரித்தெடுத்து, கண்ணுக்கும் மூச்சுக்கும் தாராளமாகத் துளை வெட்டினோம். வண்ணத்தையும் ரப்பர் பாலிலேயே குழைத்துப் பூசினால் மடங்கும்போது உதிராது.

விழாவன்று செயலாளர் "இதை யார் செய்தது?" என்று கேட்டார். "எங்கள் வீட்டில்தான்" என்றேன். அவர் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார், அரங்கம் கைதட்டியது. நான் மறுக்கவில்லை, மாலைக்குக் கழுத்தை நீட்டினேன். அவள் அப்போது பின்கட்டில் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வீடு திரும்பியபின் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இக்கட்டுரைக்காக அப்படத்தைப் பற்றிப் படித்தபோதுதான் என் நெஞ்சு சுட்டது. அந்த உயிரின் உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக் என்னும் பெண்மணி. படத்திலோ ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயர் மட்டுமே காட்டப்பட்டது. 'மிருகத்தைப் படைத்த அழகி' என்று விளம்பரப்படுத்தி அப்பெண்மணியை ஊர் ஊராக அனுப்பத் திட்டமிட்ட யுனிவர்சல் நிறுவனம், வெஸ்ட்மோரின் மனக்குறைக்கு இணங்கி, 'மிருகத்தோடு வாழும் அழகி' என்று அதை மாற்றிவிட்டது. பயணம் முடிந்தபின் அவருக்கு அங்கே வேலையும் இல்லாது போயிற்று. அவருடைய வரலாற்றை மாலரி ஓமீரா 2019இல் நூலாக எழுதி வெளியிட்டார். பாட்ரிக் 1998லேயே காலமாகிவிட்டார்.

வெஸ்ட்மோரைக் குறை கூற எனக்கு வாய் எழவில்லை. அவர் செய்ததை அளவிற் சிறிதாக நானும் செய்திருந்தேன். அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாலை வாடிப் போச்சு, விடுங்க. அடுத்த முகமூடிக்கு ரப்பர் பால் வாங்கி வாங்க" என்றாள். ஆயினும் செயலாளரிடம் நடந்ததைக் கூறினேன்; இவ்விதழின் சங்கச் செய்திகளில் அவள் பெயரோடு திருத்தம் வெளியாகிறது.

இரண்டாவது முகமூடிக்குப் பூச்சிடுமுன், என் வேண்டுகோளின்படி, அச்சின் கழுத்துப் பகுதியில் ஆணியால் தன் பெயரை வலமிருந்து இடமாகத் திருப்பிக் கீறினாள். சென்ற வாரம் உரித்தபோது, எழுத்துகள் புடைப்பாக, நேராக வந்திருந்தன.