தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர்கள் சிறு வயதில் ஒரு தடவையாவது இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். விஷமம் பண்ணும் பிள்ளையைப் பார்த்துப் பாட்டி சொல்லுவாள்: "இது எங்கே நம்ம வீட்டுப் பிள்ளை! ரெண்டு படி தவிட்டைக் கொடுத்து வாங்கினதுதானே!" பிள்ளை அழும், பாட்டி சிரிப்பாள். என்னையும் அப்படித்தான் வாங்கினார்களாம். உலகத்தில் தவிட்டைவிட மலிவான பண்டம் கிடையாது, அதற்குக் கிடைத்த பிள்ளை நீ என்பது அந்தக் கேலியின் தாத்பரியம்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த வியாபாரம் உண்மையாகவே நடந்திருந்தால் அதில் ஏமாந்து போனவர்கள் எங்கள் வீட்டார்தான். இரண்டு படி தவிட்டுக்கு என்னைப்போல் ஒரு பிள்ளை என்பது அநியாய விலை!

நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்ற அறுவடைக்குப் பிறகு, பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ரைஸ் மில்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை அழைத்துப் போன நண்பர் வீட்டு நெல் நாலு மூட்டையை அரைக்கக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு பாலிஷா, ரெண்டு பாலிஷா?" என்று கேட்டார் மில்காரர்.

"ரெண்டே போட்டுடுப்பா. வீட்டிலே கல்யாணம். சம்பந்தி வீட்டார் வராங்க. சாதம் மல்லிகைப்பூ மாதிரி இருக்கணும்."

"தவிடு எடுத்துக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்குத் தவிடு? மாடா, கன்னா? கூலியிலே கழிச்சுக்கோ."

மில்காரர் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றி மறைந்தது. அவருக்குத் தெரியும், யார் எதை விட்டுப்போகிறார்கள் என்று. நண்பர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது மாவுச் சத்து. மில்லில் விட்டுவிட்டுப் போனது மற்றச் சத்தில் பெரும் பங்கு.

நூறு கிலோ நெல்லைக் குத்தினால் சுமார் இருபது கிலோ உமி போகும். உமி அடுப்பெரிக்க உதவும். அதை யாரும் தின்னச் சொல்லவில்லை. சர்க்கார் கணக்குப்படி புழுங்கலானால் 68 கிலோவும், பச்சையானால் 67 கிலோவும் அரிசி தேற வேண்டும். மீதியில் ஏழெட்டுக் கிலோ தவிடு. அரிசியின் மேல்தோலும் முளையும் சேர்ந்ததுதான் இந்தத் தவிடு. பி வகை வைட்டமின்களும், தாது உப்புகளும், நார்ச்சத்தும், எண்ணெய்ப் பசையும் பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கின்றன. தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் பி1 வைட்டமின் உண்டு. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் 0.1 கூடத் தேறாது.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு நாவலுக்கு ஆகும். 1890-ஐ ஒட்டிய காலம். ஜாவாத் தீவில் பட்டாவியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி வியாதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நரம்பு தளர்ந்து, இருதயம் நின்றுபோகும் வியாதி அது. அவர் வளர்த்த கோழிகளுக்கும் அந்த மாதிரியே கால் விழுந்துவிட்டது. பிறகு சில மாதத்தில் தானாகவே குணமாகிவிட்டது! என்ன மாயம் என்று விசாரித்தால், நடுவில் கோழிகளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், "ராணுவத்து அரிசியை ஊர்க் கோழிக்குப் போடுவதா?" என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசியைத் தின்று எழுந்து நடந்தன. அந்தக் கறார்ச் சமையற்காரருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஜாவாக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? அந்தத் தவிட்டுச் சத்தை, அதாவது பி1 வைட்டமினை, 1936-ல் ரசாயன சாலையில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்த ஊர் நெல்லூர். அன்றைக்கு நம் சென்னை ராஜதானி. குன்னூரில் உட்கார்ந்து மக்காரிசன் என்ற டாக்டர், இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாபிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸிச் சாப்பாடு சாப்பிட்டவை கடைசி வரிசைக்குப் போய்விட்டன. எலிகளுக்கு ஊர்ப்பற்று கிடையாது; உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டன.

அதே ராஜதானியில், பச்சரிசி தின்ற வடசர்க்கார் ஜில்லாக்களில்தான் பெரிபெரி வேரூன்றி நின்றது. புழுங்கலரிசி தின்ற தென் ஜில்லாக்களில் அது அவ்வளவாக அண்டவில்லை. காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலில் உள்ள வைட்டமின் கொஞ்சம் உள்ளே இறங்கி அரிசியோடு தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. ஆக, அண்டாவில் நெல் அவித்துக் களத்தில் காயப்போட்ட நம் ஊர்ப் பெண்கள், வைட்டமின் என்ற வார்த்தை பிறப்பதற்கு முன்பே அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் நாம் இப்போது என்ன செய்கிறோம்? மில்லில் தவிட்டை இழக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அரிசியை நாலு தண்ணீர் கழுவிக் கழுநீரைத் தொட்டியில் கொட்டுகிறோம். சோற்றை வடித்துக் கஞ்சியையும் கொட்டுகிறோம். தவிடு, கழுநீர், கஞ்சி மூன்றும் மாட்டுக்கு. மூன்றும் போன சக்கை நமக்கு. இந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவது மாடு ஒன்றுதான். அதன் பாலையும் நாம் காப்பியில் விட்டுக் குடித்துவிட்டு, உடம்பு தெம்பாக இல்லையே என்று டாக்டரிடம் போகிறோம்.

இதைச் சொல்ல நான் முதல் ஆள் அல்ல. ஜே. ஸி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். காந்திஜி 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். கைக்குத்தல் அரிசிக்காக ஊர் ஊராக வாதாடினார். உலக்கை போனால் கிராமத்து ஏழைப் பெண்ணின் கூலியும் போகும், தின்பவனின் சத்தும் போகும் என்று இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டவர். 1958-ல் கைக்குத்தலையும் மனத்தில் வைத்து அரிசி மில்களுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது 1997-ல் ரத்தாகிவிட்டது. அதற்கு வெகு முன்பே உலக்கையைப் பரண்மேல் போட்டுவிட்டோம்.

உலக்கை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மார்பு நோக நெல் குத்திய பெண்களை மறுபடி உரலடியில் நிறுத்தச் சொல்லுகிறவன், முதலில் தானே ஒரு மரக்கால் குத்திக் காட்டட்டும். என் சண்டை இயந்திரத்தோடு அல்ல. இயந்திரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாத நம்மோடுதான்.

நெல்லை எவ்வளவு என்று கேட்டோமே தவிர, எப்படிப்பட்டது என்று நாம் கேட்டதே இல்லை. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்ததும், 1960-ல் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்து தீவிர விவசாயத் திட்டம் தொடங்கியதும், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அறுபதுகளின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல்லைத் தந்ததும் நாடு பசித்திருந்த நாளில். பசித்தவனிடம் வைட்டமின் பேசுவது பாவம். இந்த மண்ணில் நெல் வெறும் சாப்பாடும் அல்ல. குத்தகையும் கூலியும் அதுதான். கூலி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனித உயிரை விலையாகக் கேட்ட தானியம் இது. அதன் சத்தைத்தான் நாம் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுகிறோம்.

சர்க்கார் மட்டும் என்ன செய்கிறது? 2025-26 பருவத்தில், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, தமிழ்நாட்டில் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய். 'ஏ' கிரேடு 2,545 ரூபாய். இந்த 'ஏ' கிரேடு எதைப் பார்த்து? சத்தையா, ருசியையா? ஒன்றும் இல்லை. அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து, இரண்டரைக்கு மேல் வந்தால் 'ஏ'! ஒல்லியாக இருப்பதற்கு 45 ரூபாய் பரிசு. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இதைவிட நாலு விஷயம் அதிகமாக விசாரிப்பார்கள்.

இன்னொரு விநோதம். இந்த மாநிலத்தில் 2019-21 சர்வேப்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. நல்ல வேளையாக சர்க்காரின் கண்ணில் அது பட்டது. 2021 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் செங்கோட்டையிலிருந்து அறிவித்தார்: 2024-க்குள் ரேஷன், பள்ளிச் சாப்பாடு எல்லாவற்றிலும் செறிவூட்டிய அரிசி என்று. அது என்ன அரிசி? அரிசியை மாவாக்கி, இரும்பும் போலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் மறுபடி அரிசி உருவத்தில் பிழிந்து, நூறுக்கு ஒன்று கலப்பது. நம் ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்து, "பிளாஸ்டிக் அரிசி" என்று பயந்து முறத்திலிருந்து பொறுக்கி எறிந்தார்கள்.

பி12 தவிட்டில் கிடையாது. தவிட்டு இரும்பும் உடம்பில் எளிதில் ஒட்டாது. ஒப்புக்கொள்ளுகிறேன். ரத்த சோகைக்குக் கீரையும் மீனும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஆனால் அந்தக் கலவையில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியவை மேலே சொன்ன மூன்றும்தான். மில்லில் நாம் இழந்த பி1 அந்தக் கட்டாயத்தில் இல்லை. வாசலில் வந்த மகாலட்சுமியைத் துரத்திவிட்டு, கொல்லைப்புறமாகக் கடன் வாங்கப் போன கதை இது. துரத்தப்பட்ட தவிடு எங்கே போயிற்று? தொழிற்சாலைக்குப் போய் எண்ணெயாகி, "ரைஸ் பிரான் ஆயில்" என்று பெயர் மாற்றிக்கொண்டு, இருதயத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தோடு புட்டியில் நம் வீட்டுக்கே வருகிறது. மில்காரரிடம் சும்மா விட்டு வந்ததைக் கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

"தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வேக நேரமாகும், குழந்தைகள் தொடாது" என்பார்கள். மூன்றும் உண்மைதான். அதனால்தான் முழுத் தவிட்டோடு தின்னுங்கள் என்று நான் கேட்கவில்லை. புழுங்கலாக்கி, பாதித் தீட்டலோடு நிறுத்துங்கள் என்கிறேன். தொலைதூரத்துக்கு ரயிலேற்றும் அரிசிக்கு வேண்டுமானால் சாக்கு உண்டு. டெல்டாவில் விளைந்து, டெல்டா மில்லில் அரைத்து, டெல்டாப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குப் போகிற அரிசி ஏன் மாதக்கணக்கில் கிடங்கில் தூங்க வேண்டும்? மாதாமாதம் அரைத்துக் கொடுக்கட்டுமே. ரேஷன் கடையிலும் வெள்ளை ஒரு மூட்டை, பழுப்பு ஒரு மூட்டை வைத்து, வேண்டியவர்கள் வேண்டியதை வாங்கட்டுமே.

"கம்பும் வரகும் தின்னச் சொல்லுவதுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாகத் தின்னுங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் கடைமடைக் களிமண்ணில் நெல்லைத் தவிர வேறு எது நிற்கும்? அந்த மண் நெல்லைத்தான் தரும். தருவதைக் கெடுக்காமல் தின்னத் தெரிய வேண்டும்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். சோற்றின் வெள்ளை நமக்கு அந்தஸ்து. மிராசுதார் பந்தியில் வெள்ளைச் சோறு, பண்ணையாள் கலயத்தில் சிவப்புக் கஞ்சி என்று தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தோம். பண்ணையாளின் பேரன் கையில் நாலு காசு வந்ததும் வெள்ளையைத்தான் தேடினான். அவனைக் குறை சொல்ல எந்த வாய்க்கும் உரிமை இல்லை. நாமோ இப்போது மறுபடி அணி மாறிவிட்டோம். 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. பயந்துபோய், பட்டணத்துக் கடையில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பளபளக்கும் பொட்டலத்தில் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் 'நெல்' ஜெயராமன், 2018-ல் கண்ணை மூடும் வரையில், அந்த விதைகளை உழவர்களுக்கு இரண்டு கிலோ கொடுத்து நாலு கிலோவாகத் திரும்ப வாங்கிப் பரப்பினார். பணக்காரர் வைத்தியத்துக்காக அவர் அப்படி அலையவில்லை.

வெள்ளையை உயர்வாக்கியவர்கள் நாம். அதை இறக்கிவைக்க வேண்டியவர்களும் நாம்தான். ஏழையின் தட்டைத் திருத்தப் போவதற்கு முன்னால் நம் கல்யாணப் பந்தியில் ஒரு தடவை பழுப்புச் சோறு பரிமாறிப் பார்ப்போம். சம்பந்தி வீட்டார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? சொன்னால்தான் என்ன?

அந்த நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சாதம் மல்லிகைப்பூவாகத்தான் இருந்தது. கொல்லையில் அடுத்த வீட்டுப் பசு ஒன்று, கஞ்சித் தொட்டியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. பந்தி முடிந்து கை கழுவப் போனபோது அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. யார் யாரைத் தவிட்டுக்கு வாங்கினார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.