சேர்வரின் நோட்டீஸ் போர்ட் யாருடையது?

பாடசாலைக் கம்பியூட்டர் லேப்களுக்கு உதவும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

லினக்ஸ் சேர்வருக்குள் நுழைந்ததும் திரையில் சில வரிகள் வருமே, அது முன்பு நிர்வாகி கையால் எழுதிய சாதாரணக் கோப்பு. "இன்று 4 மணிக்கு சேர்வர் நிறுத்தப்படும்" என்பது மாதிரி. நம்ம பாடசாலை நோட்டீஸ் போர்ட்தான். டெபியனில் முன்பெல்லாம் இயந்திரம் தொடங்கும்போதே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் கேர்னல் பதிப்பையும் அதன் தலையில் எழுதிவிட்டது. உபயோகமான வேலை.

உபுண்டுவில் 2017இல் அந்த வரிகள் இணையத்திலிருந்தும் வரத் தொடங்கின. எச்பீஓவின் 'சிலிக்கன் வேலி' தொடர் சம்பந்தப்பட்ட ஒரு கட்டுரையின் இணைப்புக்கூட வந்தது. விளம்பரமா, இல்லையா என்று பெரிய சண்டை. என்னவாக இருந்தாலும் நம்ம போர்டில் வெளியார் கேட்காமல் ஒட்டலாமா? செய்தி எடுக்கப் போகும் ஸ்கிரிப்ட் நம்ம இயந்திரத்தின் கேர்னல், சீபீயு விபரங்களையும் அங்கே சொல்லிவிட்டு வருகிறது!

நிறுத்துவது லேசு. அதன் அமைப்புக் கோப்பில் 1ஐ 0 ஆக்கினால் சரி. அந்த இடத்தில் டிஸ்கில் மிச்சம் எவ்வளவு, கடைசி பெக்கப் எப்போது என்று காட்டும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டுத் தாருங்கள். பிள்ளைகளின் வேலைகள் முழுக்க அந்த டிஸ்கில்தான் கிடக்கின்றன.