சுத்தியலைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள்

“அண்ணே, சார்ட்டுல சுத்தியல் வந்திருச்சு, வாங்கலாமா?” பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பங்கு வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு மெழுகுவர்த்தி. தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் நடுவே இருப்பது உடல். அன்றைய உச்ச விலையும் அடிமட்ட விலையும் திரிகள். விலை இறங்கிவரும்போது, சிறிய உடலுக்குக் கீழே நீண்ட திரி தெரிந்தால் அது சுத்தியல். விற்றவர்கள் அழுத்திய விலையை வாங்கியவர்கள் மேலே தூக்கியிருக்கிறார்கள். இறக்கம் முடியலாம், முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

டாப் குளோவ் பங்கைப் பாருங்கள். 2020 அக்டோபரில் 9 வெள்ளியைத் தாண்டியது. நவம்பர் 9-இல் ஃபைசர் தடுப்பூசிச் செய்தி வந்தது. மறுநாளே கையுறைப் பங்குகள் சரிந்தன. 2022-இல் அது 1 வெள்ளிக்கும் கீழே போனது. வழியில் விலை பலமுறை துள்ளியது. துள்ளலையெல்லாம் திருப்பம் என்று நம்பியவர்களுக்குத்தான் நட்டம்.

ஆகவே, ஒரு நாள் பொறுங்கள். அடுத்த மெழுகுவர்த்தி சுத்தியலின் உச்சத்துக்கு மேல் முடிகிறதா, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கினாலும், விலை சுத்தியலின் அடிமட்டத்துக்குக் கீழே போனால் விற்றுவிடுவதென முன்பே முடிவெடுங்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தை மட்டும் இதில் போடாதீர்கள்.