போத்தலுக்குள் ஒரு கரண்டி சீனி

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு முதல், சொந்தத் தேவைக்காக வீட்டில் பியர் வடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதற்கு வழிவிட்ட சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1978இல் கையொப்பமிட்டார். ஆகவே இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் சிலர் வார இறுதிகளில் இதனையொரு பொழுதுபோக்காகக் கொண்டிருப்பதில் வியப்பில்லை. இலங்கையில் நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வதைத் தடை செய்கிறது.

ஆனால் பியருக்கு ஒரு தம்பி உண்டு. ஜிஞ்சர் பியர். இஞ்சி, சீனி, தேசிக்காய், சிறிதளவு ஈஸ்ட். இதனை வீட்டிற் செய்து போத்தலில் அடைப்பதை எவரும் மது வடிப்பதாக எண்ணுவதில்லை. சிறுவர் பானமென்றே கருதுகின்றனர். கவிஞர் நீலாவணன் தம் பெயராகவே ஆக்கிக்கொண்ட பெரியநீலாவணையில் ஒரு குடும்பம் அதனைச் செய்து, தெற்கே அடுத்திருக்கும் மருதமுனையில் உள்ள நண்பர் வீட்டுக்கும் இரண்டு போத்தல் கொடுத்தனுப்பலாம். அப்படிக் கொடுக்குமுன் அறிந்திருக்க வேண்டிய இரண்டு விடயங்களைச் சமையற் குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை என்பதே என் குறை.

முதலாவது, போத்தல் வெடிக்கும்.

பியரைப் பொறுத்தவரை இதற்கொரு கணக்கு இருக்கிறது. நொதித்தல் முற்றாக முடிந்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சீனியெல்லாம் தீர்ந்த பின்னரே பியர் போத்தலுக்குப் போக வேண்டும். அப்போது அதில் நுரை இராது. நுரைக்காகவே சிறிதளவு சீனி புதிதாகச் சேர்க்கப்படுகிறது. எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதனை உண்டு காபனீரொட்சைட்டை வெளியிடும்; மூடி இறுக்கமாக இருப்பதால் வாயு பியரிலேயே கரைந்து நிற்கும். லீற்றருக்கு 6 முதல் 7 கிராம் வரை போதுமானது. 20 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 130 கிராம். இதனைக் கொதிநீரிற் கரைத்து, ஆறவைத்து, முழுப் பியரிலும் மெதுவாகக் கலந்த பின்னர் போத்தல்களில் நிரப்புவதே முறை.

புதிதாகத் தொடங்குபவரோ கரண்டியைத் தேடுகிறார். 625 மில்லிலீற்றர் போத்தலுக்குத் தலைதட்டிய தேக்கரண்டிச் சீனி, அதாவது சுமார் 4 கிராம், சரியாகவே இருக்கும். குவித்து அள்ளினால் அது 8 கிராமாகிவிடும். போத்தலுக்குப் போத்தல் கை மாறும். ஒன்று நுரையின்றிக் கிடக்கும், மற்றொன்று வெடிகுண்டாகும். தராசுக்குச் செலவிடத் தயங்குபவர் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

அதனினும் பெரிய பிழை அவசரம். நொதித்தல் முடியுமுன் அடைத்துவிட்டால், சேர்த்த சீனியோடு மீதமிருந்த சீனியும் வாயுவாகும். திரவமானியின் அளவு இரண்டு மூன்று நாள் இடைவெளியிலும் மாறாதிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. குமிழி வருவது நின்றுவிட்டது என்பது சான்றாகாது.

எங்கள் கரையோர வெப்பத்தையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். சரியான அளவில் சீனியிட்ட போத்தலே 30 பாகையில் மோட்டார் கார் டயருக்குக் குறையாத அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. குளிர்நாட்டவர் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கச் சொல்வது இங்கே ஒரு வாரத்தில் நடந்துவிடும். கள்ளுப் போத்தலை இறுக மூடி வெயிலில் வைக்கலாகாது என்பதை அறிந்த ஊர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் இஞ்சி வாசனை வந்தவுடன் அந்த அறிவு மறந்துபோகிறது.

ஏனெனில் ஜிஞ்சர் பியரில் அளந்த சீனி என்பதே கிடையாது. இனிப்பு வேண்டுமென்பதற்காக லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் இட்டு, அத்தனையையும் ஈஸ்ட்டுடன் சேர்த்தே அடைக்கிறோம். அந்த 100 கிராமும் நொதித்தால் ஒரு லீற்றர் பானத்திலிருந்து ஏறத்தாழ 25 லீற்றர் வாயு பிறக்கும். பியர்ப் போத்தல் தாங்க வேண்டியதோ அதில் பத்திலொரு பங்குதான். ஆக, பியரில் சீனியின் அளவு காவல்; ஜிஞ்சர் பியரில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றே காவல். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். குளிரில் உறங்கும் ஈஸ்ட் சூடேறியதும் விழித்துக்கொள்ளும். கண்ணாடிப் போத்தலானால் அதன் விளைவைச் சமையலறையில் நிற்பவரின் முகமும் கண்ணும் அனுபவிக்கும்.

இந்த ஜிஞ்சர் பியரை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். கோப்பியை அழித்த இலைநோயை ஆராய 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர் இவர். பின்னர் இங்கிலாந்தில், வீடுகளில் கைமாறி வந்த 'ஜிஞ்சர் பியர்ச் செடி' செடியே அன்று, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பக்டீரியாவும் இணைந்து வாழும் கூட்டம் என்று 1892இல் எழுதினார். இலங்கையின் கோப்பி வரலாற்றில் இடம்பெறும் அவர் இந்த எளிய பானத்துக்காகவும் நினைக்கப்பட வேண்டியவர்.

இரண்டாவது விடயம் மதுசாரம். ஈஸ்ட் சீனியை உடைக்கும்போது வாயுவும் மதுசாரமும் ஏறத்தாழச் சம நிறையில் பிறக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைப் பெற முடியாது. வீட்டு ஜிஞ்சர் பியர் பியரைப்போல் நுரைத்தால், அதில் அரை சதவீதமளவு மதுசாரம் சேர்ந்துவிட்டது என்பது பொருள். போத்தல் வெளியே கிடக்கக் கிடக்க அது கூடும். கடையில் விற்கும் ஜிஞ்சர் பியரோ இயந்திரத்தால் வாயுவூட்டப்பட்டது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

மருதமுனை நண்பர் வீட்டுக்கு அனுப்பும் போத்தலைக் 'கூல் றிங்ஸ்' என்று சொல்லிக் கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. அரை சதவீதம் ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்தது என்ற தகவலை மறைக்கும் உரிமை கொடுப்பவருக்கு இல்லை. சிறுவருக்குக் கொடுக்கும் தாய்மாரும் அதை அறிந்திருக்க வேண்டும். நுரை மட்டுமே வேண்டுமென்பவர், இஞ்சிச் சாற்றையும் சீனிப்பாகையும் தனியே காய்ச்சி வைத்து, குடிக்கும் நேரத்தில் கடைச் சோடாவை ஊற்றிக் கலக்கலாம். வெடிப்பும் இல்லை, விவாதமும் இல்லை; சுவை சற்றுக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஈஸ்ட் இட்டுத்தான் செய்வேன் என்பவர்கள் கண்ணாடியை விட்டுச் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமற் கல்லைப்போல் இறுகியவுடன் குளிரில் வைத்து, இரண்டொரு நாளில் குடித்து முடித்துவிடுங்கள். நெடுநேரம் மின்சாரம் நின்றுபோனால் மூடியைச் சற்றுத் தளர்த்தி வாயுவை வெளியேற்றிய பின்னரே மீண்டும் மூடுங்கள்.