மிஷின் நின்றாலும் வாடகை ஓடும்

வாடகை ஃபோர்க்லிஃப்டின் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு அவர் மீட்டர் இருக்கும். மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தம். தாண்டினால் கூடுதல் பில். தாண்டாவிட்டால் பணம் திரும்பாது. ஆர்டர் படுத்த மாதத்தில் பாதி நேரம்கூட ஓடாத வண்டிக்கும் முழு வாடகை போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோவிலும் தொழில் நடத்துகிறவர்கள் பேரத்தை இந்த மீட்டரிலிருந்து தொடங்கலாம். ஆறு மாத ரீடிங்கை எடுத்து வைத்துவிட்டுப் பேசுகிறவருக்கும் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்கிறவருக்கும் ஒரே பதில் கிடைப்பதில்லை.

மிஷினை லீசுக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட இந்தியாவின் முதல் நிறுவனம் பிறந்தது சென்னையில்தான். 1973-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா அது. நாற்பது ஆண்டு கழித்து, 2013-ல், கணக்குக் குளறுபடி வெளியே வந்து ரிசர்வ் வங்கியின் பிடியில் சிக்கி ஓய்ந்தது. லீசுக்கு விடுகிறவரும் மாதாமாதம் பணம் வந்தால்தான் பிழைக்க முடியும்.

அதனால் பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது மிஷினைப் பொறுத்தது. ஜெனரேட்டரையும் கம்ப்ரசரையும் திருப்பி எடுத்தால் அடுத்த வாரமே வேறொரு ஷெட்டுக்கு அனுப்பிவிடலாம். அங்கே வாடகைதாரரின் கெஞ்சலுக்கு மதிப்பு குறைவு. ஒரே ஒரு பாகம் செய்வதற்கென்று வடிவமைத்து, ஃபவுண்டேஷன் போட்டு இறக்கிய மிஷின் கதை வேறு. கழற்ற ஆள், தூக்க கிரேன், ஏற்ற டிரெய்லர், அப்புறம் வாங்க ஆள் தேடும் படலம். கொடுத்தவருக்கு அது வெறும் இரும்பு. தவணை குறைந்தாலும் மிஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் அவர் நினைப்பார். பெரிய இடத்திலும் இதே கணக்குதான். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவாலுக்கு மனுப் போட்டதும், விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்கள் அவற்றை மீட்க ஏறக்குறைய ஓராண்டு டெல்லி உயர்நீதிமன்றத்தில் போராடினார்கள். அதே 2023-ல் ஸ்பைஸ்ஜெட்டிடம் வரவேண்டிய 231 கோடி ரூபாய் குத்தகைப் பாக்கிக்குப் பதிலாகப் பங்குகளை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

தவணை குறைவது வேறு, செலவு குறைவது வேறு. கடனில் வாங்கிய 30 லட்ச ரூபாய் மிஷின், 13 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை சுமார் 68,260 ரூபாய். இரண்டு ஆண்டு கட்டியபின், மீதி 36 மாதத்தை 54 மாதமாக நீட்டினால் தவணை 49,750-க்கு இறங்கும். மாதம் 18,500 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் கட்டி முடிக்கும்போது சுமார் 2.3 லட்சம் கூடுதலாகப் போயிருக்கும். பெரிய கம்பெனி பில்லுக்குப் பணம் தர இழுத்தடிப்பதால்தான் முட்டுகிறது என்றால் இந்த நீட்டலே வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாடிக்கையாளரைப் பகைக்க முடியாது என்று பலர் அதைக் கேட்பதில்லை. அது புரிகிறது. அப்படியானால் டியூ தேதியை 5-லிருந்து 20-க்கு மாற்றித் தரச் சொல்வதாவது பெரிய செலவில்லாத கோரிக்கை.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 27-ல், ரிசர்வ் வங்கி தவணை விடுமுறை அறிவித்தது. அந்தச் சுற்றறிக்கை டெர்ம் லோனையும் நடைமுறை மூலதனக் கடனையும் பற்றியது. மிஷின் வாடகை பற்றி அதில் பேச்சில்லை. கடனில் மிஷின் வாங்கியவருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது, வாடகைக்கு எடுத்தவர் கொடுத்தவரின் மனசை நம்ப வேண்டியிருந்தது. சாதாரண காலத்தில் கடன் தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். நெருக்கடியைக் காட்டித் தவணையைக் குறைக்கச் சொன்னாலும், விதிப்படி அந்தக் கணக்கு பொதுவாக அதே பட்டியலுக்குள் தள்ளப்படும். நிதி நிறுவனத்து மேனேஜர் நெளிவதற்கு இதுவே காரணம். ஒரு செக்கும் திரும்பாத நிலையில் போய், தேதி மாற்றம், டெபாசிட்டைக் கழித்துக்கொள்வது, பயன்படாத ஒரு மிஷினை மட்டும் திருப்புவது என்று கேட்டால் அவருக்கும் கையெழுத்துப் போடச் சுலபம்.

பேசி முடித்தாலும் வேலை முடியாது. திருத்த ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும். தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கக் கொடுத்த பழைய நாச் உத்தரவை ரத்து செய்து புதிய தொகைக்குப் போடாவிட்டால், 5-ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து பழைய தொகையே இழுக்கப்படும். இருப்பு இல்லையென்றால் பவுன்ஸ் கட்டணம், கூடவே வழக்கு பயம். ஜாமீன் போட்டவரையும் திரும்ப அழைத்து வரவேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை மாற்றினால், அதற்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து அவர் விடுபட்டுவிடுவார் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு. அன்று கல்யாண வீட்டில் கேட்டதும் கையெழுத்துப் போட்ட மச்சான், இப்போது காகிதத்தைப் படித்துப் பார்க்க இரண்டு நாள் கேட்பார்.